வாங்கி வைத்திருந்த குரல்

இன்று காலை அலுவலகத்தில் ஒரு கடிதத்தின் நடுவே என் கொம்பியூட்டர் கையை விரித்துவிட்டது. கெட்டுப்போனால்கூடப் பரவாயில்லை, ஒரு கோபமாவது படலாம். இது அப்படி இல்லை. திரையின் மேலே ஒரு மஞ்சள் பட்டை வந்து, உங்கள் சந்தா முடிந்துவிட்டது, புதுப்பித்தால் தொடரலாம் என்று மரியாதையாகச் சொன்னது. எழுதியதை வாசிக்கலாம், ஒரு புள்ளியைக்கூடத் திருத்த முடியாது. பக்கத்து மேசையில் இருப்பவர், "ஹெட் ஆபீஸ்ல காசு கட்டுற கார்டு மாத்துறாங்களாம். பகலைக்குப் பொறகு சரியாகும், போய் டீ குடிங்க" என்றார். நான் கோப்பையோடு ஜன்னலுக்குப் போனேன். நுவரெலியாவில் இந்த மாதத்தில் ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஒன்றும் இருக்காது, மூட்டம்தான். அதனால் மனசு பின்னால் போய்விட்டது.

முன்பெல்லாம் மென்பொருள் பெட்டியில் வரும். உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? ஒரு செங்கல் பருமனில் பெட்டி. உள்ளே ஒரேயொரு டிஸ்க், ஒரு சின்னப் புத்தகம், மிச்சமெல்லாம் காற்று. கண்ணாடித்தாளைக் கிழித்ததும் ஒரு வாசனை வரும். ஸ்கூல் தொடங்கும் மாதத்தில் புதுச் சப்பாத்துப் பெட்டியைத் திறந்தால் வருமே, கிட்டத்தட்ட அது. நான் படித்து முடித்து முதலில் வேலைக்குச் சேர்ந்தது ஹட்டனில் நியாஸ் நானாவின் கொம்பியூட்டர் கடையில். முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் நானா என்போம். நானா அதற்கு முன் ரேடியோ விற்றவர். வெறும் பெட்டிகளைக்கூட வீசாமல் கண்ணாடி அலுமாரியில் அடுக்கி வைத்திருப்பார். உண்மையைச் சொன்னால், நாங்கள் பெட்டியோடு விற்றது வருடத்துக்கு நாலைந்து. மற்றதெல்லாம் நான் பின்னறையில் உட்கார்ந்து களவாகக் கொப்பி அடித்துக் கொடுத்த டிஸ்க்தான். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அந்தக் காலத்தில் அதில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

அருள்தாஸ் சேர் மட்டும் கொப்பி வேண்டாம் என்றார். பூண்டுலோயாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் வரலாறு படிப்பித்தவர். நாலு வயதில் வந்த காய்ச்சலில் இரண்டு கண்ணும் போய்விட்டன. சனிக்கிழமைகளில் முதல் பஸ் எடுத்து, தலவாக்கலையில் மாறி, வெள்ளைத் தடியோடு தனியாக வருவார். திரையில் இருப்பதைச் சத்தமாக வாசிக்கும் மென்பொருள் ஒன்று இருக்கிறது, அதற்குத் தமிழ்க் குரலும் இருக்கிறது என்று யாரோ சொல்லி, நானாவிடம் கேட்டு வெளிநாட்டிலிருந்து எடுப்பித்தார். பெட்டி வந்த அன்று அதைக் கையில் வாங்கி, நாலு மூலையையும் தடவிப் பார்த்து, மூக்கருகே கொண்டுபோனார்.

"இது எத்தன வருசத்துக்கு நானா?"

"வருசக் கணக்கெல்லாம் இல்ல சேர். ஒருக்கா வாங்கினா ஒங்களோடதுதான். மௌத்தாகுற வரைக்கும்." சாகும்வரை என்று அர்த்தம்.

குரல் ஒரு பெண் குரல். செய்தி வாசிக்கிற அக்காவுக்குத் தடிமன் பிடித்து மூக்கடைத்ததுபோல இருக்கும். அதற்கு ரகரமும் றகரமும் ஒன்றுதான். அதைக் கேட்டுக் கேட்டு டைப் பண்ணியதால் சேரும் 'மறக்கவில்லை' என்பதை 'மரக்கவில்லை' என்றுதான் எழுதுவார். பாடக் குறிப்பை அச்செடுக்கக் கொடுக்கும்போது அதைப் பார்த்து நான் சிரிப்பை அடக்கிக்கொள்வேன். சேர் அதைக் 'குரல்' என்று சொல்லமாட்டார். "அவங்க" என்பார்.

பாடக் குறிப்பு எழுதத்தான் வாங்குகிறார் என்று நான் நினைத்திருந்தேன். அதுவும் உண்டு. ஆனால் வேறொன்றும் இருந்தது. உடப்புசல்லாவையில் ரெஜினா டீச்சர் என்று ஒருவர். நுவரெலியாவில் மூன்று நாள் ஆசிரியர் பயிற்சி ஒன்றில் சேருக்குப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தவர். அவர் வீட்டில் அண்ணன்மார் குடும்பங்களோடு பன்னிரண்டு பேர், போனில் நின்று பேச இடமில்லை. அதனால் பள்ளி விட்டதும் பாடசாலைக் கொம்பியூட்டரில் உட்கார்ந்து சேருக்கு மின்னஞ்சல் எழுதுவார். சேரின் குவார்ட்டர்ஸ் பள்ளத்தில் இருந்தது, அங்கே சிக்னல் கிடையாது. சனிக்கிழமை எங்கள் கடைக்கு வந்து, லெப்டொப்பில் கடிதத்தை இறக்கிக்கொள்வார். கடையில் திறக்கமாட்டார். அப்படியே பையில் போட்டுக்கொண்டு போய், வீட்டில் காதில் மாட்டிக் கேட்பார்.

ஒரு நாள் மழைக்கு நின்றபோது அவராகவே சொன்னார்: "சின்ன வயசிலேருந்து எனக்கு வந்த கடிதம் எல்லாத்தையும் எனக்கு முன்னாடி வேற யாராவது வாசிச்சிருப்பாங்க தங்கச்சி. அப்பா, வார்டன், பிரின்சிபல். இந்த டீச்சர் எழுதுறதுதான் எனக்கு மொதல்ல வருது. அதை டீச்சருக்கும் சொல்லியிருக்கேன்."

இனி என் கதைக்கு வருகிறேன்.

ஒரு சனிக்கிழமை லெப்டொப் மிகவும் மெதுவாகிவிட்டது என்று கொண்டுவந்தார். வைரஸ். "விட்டுட்டுப் போங்க சேர், பகலைக்குள்ள புதுசு மாதிரி ஆக்கித் தர்றேன்" என்றேன். எல்லாவற்றையும் அழித்து, மறுபடி ஏற்றி, கடைசியாக அந்த டிஸ்கைப் போட்டு எண்களை அடித்தேன். ஏற்காது என்றது. மறுபடி அடித்தேன். அனுமதித்த தடவைகள் முடிந்துவிட்டன என்றது.

விஷயம் இதுதான். அந்த எண்ணை மூன்று தடவைதான் பாவிக்கலாம். மெஷினை அழிப்பதற்கு முன், மெனுவில் ஒரு இடத்தில் அழுத்தி அனுமதியைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். கொடுத்துவிட்டால் கணக்கில் சேராது. சின்னப் புத்தகத்தின் இரண்டாம் பக்கத்திலேயே அது இருந்தது. நான் அந்தப் புத்தகத்தைப் பிரித்ததே இல்லை. பெட்டி வந்த அன்று ஏற்றியது ஒன்று, அதன் பிறகு அப்படியே அழித்து ஏற்றியது இரண்டு. மூன்றையும் தீர்த்தவள் நான்.

பகலைக்குத் திரும்பி வந்த சேர் காதில் மாட்டிக்கொண்டு காத்திருந்தார். "என்ன தங்கச்சி, அவங்க இன்னும் பேசலியே?"

கம்பெனிக்கு எழுதினேன். மூன்றாம் நாள் பதில் வந்தது. மிகவும் தன்மையான கடிதம். அந்தப் பதிப்பை நிறுத்திவிட்டார்கள். இனி ஒரே தடவையாக விற்பதில்லை, மாதச் சந்தா மட்டும். பழைய எண்களுக்கு மறு அனுமதி தரும் ஏற்பாடும் அதோடு முடிந்தது. வருந்துகிறோம், முதல் மாதம் இலவசம். நான் தமிழில் சொல்லச் சொல்ல நானா அலுமாரிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

"மௌத் வரைக்கும்னு நான் வாய்விட்டுச் சொன்னேனே மகள்" என்றார்.

இலவச மாதத்தைப் போட்டுப் பார்த்தோம். கடையில் பேசியது. ஆனால் அந்தப் புதுப் பதிப்பு தினமும் ஒரு தடவை இன்டர்நெட்டில் கம்பெனியிடம் அனுமதி கேட்டுக்கொள்ளும். குவார்ட்டர்ஸில் இரண்டாம் நாளே ஊமையாகிவிட்டது. தன் கார்டிலேயே கட்டுவதாகவும், சிக்னலுக்கு வேறு ஏதாவது பார்க்கலாம் என்றும் நானா சொன்னார். சேர் தலையாட்டினார், சம்மதமாக இல்லை.

"காசு பிரச்சின இல்ல நானா, நான் சம்பளம் எடுக்கிறவன். மாசாமாசம் யாராவது மறக்காம கட்டணும், தெனமும் நெட்டு வரணும், அப்பதான் நான் வாசிக்கலாம்னா, அது எங்கிட்ட இருக்கிற சாமானில்லையே."

கம்பெனி சட்டத்தை மாற்றிவிட்டது என்று சேரிடம் சொன்னேன். அது பொய்யில்லை. புத்தகத்தின் இரண்டாம் பக்கத்தைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. இலவசமாகக் கிடைக்கும் வாசிப்பு மென்பொருள் வேறு இருக்கிறது என்பதும் அப்போது எனக்குத் தெரியாது. தேடிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை கடிதம் வந்திருந்தது. சேர் லெப்டொப்பை மடியில் வைத்து இரண்டு தடவை திறந்து மூடினார். பிறகு, "தங்கச்சி, நீங்க வாசிப்பீங்களா?" என்றார். நானா உடனே எழுந்து, வராத வாடிக்கையாளரைப் பார்க்கக் கடைவாசலுக்குப் போய்விட்டார். நான் வாசித்தேன். 'நேற்று மழையில் பஸ்ஸுக்கு நின்றபோது, நீங்கள் பக்கத்தில் நின்றால் குடையை எந்தப் பக்கம் சாய்ப்பேன் என்று யோசித்தேன்' என்று ஒரு வரி. எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. அப்படி ஒரு வரியை எனக்கு யாரும் எழுதியதில்லை. பஸ் ஸ்டாண்டில் நேரம் அறிவிப்பதுபோல வாசித்துத் தள்ளினேன்.

"கொஞ்சம் மெதுவா, தங்கச்சி" என்றார் சேர்.

பதிலை அவர் சொல்ல நான் டைப் பண்ணினேன். இப்படியே இரண்டு மாதம் போனது. வேறொருவர் வாசிக்கிறார் என்பதை அவர் டீச்சருக்கு எழுதவில்லை. எழுதச் சொல்வார் என்று ஒவ்வொரு கிழமையும் நினைத்தேன். நானும் கேட்கவில்லை. என் பங்குக்கு, தமிழில் நல்ல புள்ளி எடுத்தவள் என்ற நினைப்பில், எழுத்துப் பிழைகளையெல்லாம் திருத்தி அழகாக அனுப்பினேன்.

பிறகு அந்தக் கடிதம் வந்தது.

'அன்புள்ள அருள்' என்று தொடங்கி வாசித்தேன். 'கொஞ்ச நாளாக உங்கள் கடிதத்தில் பிழையே இல்லை. உங்கள் "மரக்கவில்லை"யைத் தேடிப் பார்த்தேன், காணோம்.' அதற்கு அடுத்த வரியில் நிறுத்திவிட்டேன். கடைக்கூரையில் மழை விழுந்துகொண்டிருந்தது.

"ஏன் நிறுத்திட்டீங்க?"

அந்த வரியை விட்டுவிட்டு மேலே போயிருக்கலாம். அவருக்குத் தெரியவராது. ஒரு நிமிடம் அப்படித்தான் செய்யப்போனேன். ஆனால் இன்னொன்றையும் மறைக்க என்னால் முடியவில்லை. வாசித்தேன்.

'இதை உங்களுக்கு வாசித்துக் காட்டுகிறவர் யார்? யாராக இருந்தாலும் அவரிடம் ஒன்று கேட்கிறேன். தயவுசெய்து இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இதற்குக் கீழே உள்ளது அவருக்கு மட்டும்.'

கீழே பத்துப் பன்னிரண்டு வரி இருந்தது. என் கண் அதில் படுவதற்குள் லெப்டொப்பை மூடினேன்.

அப்போதுதான் சேரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். புத்தகத்தைப் பிரிக்காததை, மூன்று தடவையையும் நானே தீர்த்ததை. அழுதுகொண்டு சொன்னேன் என்றால் கேட்க நன்றாக இருக்கும், ஆனால் அழுகையும் வரவில்லை. சேர் தடியின் பிடியைத் தேய்த்துக்கொண்டே கேட்டிருந்தார்.

"நீங்க எங்கிட்ட சொல்லல. நான் டீச்சர்கிட்ட சொல்லல" என்றார். "சரி, ஒரு வெள்ளப் பக்கம் தெறந்து குடுங்க. நானே அடிக்கிறேன்."

குரல் துணை இல்லாமல், எந்த விசையில் விரல் விழுகிறது என்று தெரியாமல் அரைமணி நேரம் டைப் பண்ணினார். நான் பாராமலே அனுப்பினேன். அதற்குப் பதில் வரவில்லை. இரண்டு தடவை டீச்சருக்குப் போன் எடுத்தார். மணி அடித்து ஓய்ந்தது. கீழே இருந்த வரிகளை வேறு யாரையாவது வைத்து வாசிக்கலாமே என்று நானா ஒருநாள் மெல்லச் சொன்னார். "அவங்க வேணாம்னு எழுதியிருக்காங்களே நானா" என்றார் சேர். அதற்குமேல் அந்தப் பேச்சு இல்லை.

மூன்று மாதம் கழித்து, கண்டியிலிருந்து அவரைப்போலவே பார்வையில்லாத நண்பர் ஒருவர் பென்டிரைவில் ஒரு மென்பொருள் கொண்டுவந்தார். இலவசம், நெட்டும் வேண்டாம். தகரத்தைத் தட்டினாற்போல ஒரு ஆண் குரல், ஆனால் தமிழ் வாசித்தது. நானே ஏற்றிக்கொடுத்தேன், இந்தத் தடவை எல்லாப் பக்கங்களையும் வாசித்துவிட்டு. சேர் எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த சனிக்கிழமை வந்து உட்கார்ந்தார். "வாசிச்சிட்டேன்" என்றார்.

நான் கதிரையை அவருக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டேன்.

"நேரத்தோட வாசிச்சிருக்கணும் தங்கச்சி."

அந்தப் பாடசாலைத் தவணையோடு ரெஜினா டீச்சர் பதுளைப் பக்கம் மாற்றலாகிப் போய்விட்டார், கல்யாணமும் எழுதிப் பதிவாகிவிட்டது என்பது அவருடைய பாடசாலையில் இருந்த ஒரு ஆசிரியர் மூலம் பிறகு தெரிந்தது. அந்தப் பத்துப் பன்னிரண்டு வரியில் என்ன இருந்தது என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

நானாவின் கடை இப்போது இல்லை. அந்த இடத்தில் போன் உறை விற்கிறார்கள். கண்ணாடி அலுமாரியை யாரோ பேக்கரிக்கு வாங்கிப் போனதாகக் கேள்வி. நானா மாவனல்லையில் மகள் வீட்டில் இருக்கிறார். நான் எத்தனையோ வருடமாகப் பெட்டியில் வந்த மென்பொருள் ஒன்றைக் கண்ணால் காணவில்லை. எதையும் வாங்குவது என்று இல்லை இப்போது. கட்டுகிற வரைக்கும் இருக்கும், அவ்வளவுதான்.

போன மாதம் தலவாக்கலை பஸ் ஸ்டாண்டில் சேரைப் பார்த்தேன். முடி நரைத்திருந்தது. தனியாகத்தான் இருக்கிறார். என் குரலைக் கேட்டதும், "கடைத் தங்கச்சி" என்றார். கையிலிருந்த போனைக் காட்டினார். இப்போது எல்லாவற்றையும் அதுவே வாசிக்கிறதாம். குரலும் ஐந்தாறு இருக்கிறதாம், வேண்டியதைத் தெரிந்தெடுக்கலாம்.

"அந்தப் பழைய குரல, மாச வாடகைக்காவது தர்றாங்களா?" என்று கேட்டார்.

நான் ஏற்கெனவே தேடியிருந்தேன். "இல்ல சேர். அந்தக் கம்பெனியே அத விட்டுட்டாங்க."

"டீச்சர் எழுதினது பூரா இதுக்குள்ளதான் இருக்கு" என்றார், போனைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டே. "நேர்ல பேசின குரல் எனக்கு மறக்கல. அது மூணு நாள் பேச்சு. கடிதத்தில பேசினவங்க வேற. இப்ப இதில போட்டா வேற யாரோ யாருக்கோ எழுதின மாதிரி இருக்கு. போடுறதில்ல."

பூண்டுலோயா பஸ் வந்தது, கண்டக்டர் கைபிடித்து ஏற்றிக்கொண்டார். நான் நுவரெலியா பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, வழியெல்லாம் அந்தக் குரலை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தேன். சேருக்கு ஏற்றிக்கொடுத்ததும், சரியாகப் பேசுகிறதா என்று ஒவ்வொரு தடவையும் முதலில் கேட்டுப் பார்த்ததும் நான்தான். ஒரு சொல்கூட வரவில்லை.