ஓடைக்காக அண்ணன் சொல்லாமல் போனது

எங்கள் அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் அவரைப் பற்றி நான் எழுத வேண்டும் என்று அண்ணி கேட்டார். "என்னால முடியாதுங்க அண்ணி, அலுத்துப் போச்சு" என்றேன். "எல்லாருந்தான் அலுத்துக் கிடக்கறோம். நீயே எழுது" என்றார். எழுதுகிறேன்.

அண்ணன் கரூருக்குப் பக்கத்தில் பிறந்தார். அப்பா சீக்கிரமே போய்விட்டதால் டியூஷன் எடுத்துக்கொண்டே இன்ஜினியரிங் முடித்தார். தங்கை என்னையும் படிக்க வைத்தார். பிறகு பொதுப்பணித் துறையில் பல வருடம் வாய்க்கால் வேலை. கோடையில் தூர் வாரச் சொல்லி, தண்ணீர் திறந்ததும் அது கடைமடை வரை போய்ச் சேர்வதைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அமெரிக்காவில் இந்த மில்பிடாஸ் ஊருக்கு வந்து, ஒரு கம்பெனியில் டிராயிங் போடும் வேலையில் சேர்ந்தார். பின்னால் நானும் வேலை கிடைத்து வந்து அவர் வீட்டிலேயே தங்கினேன்.

வீட்டுக்குப் பின்னால், ஃப்ரீவே பாலத்துக்கு அடியில் ஓர் ஓடை போகிறது. ஒரு நவம்பரில் வாக்கிங் போனவர் மூச்சிரைக்க ஓடி வந்து என்னை இழுத்துக்கொண்டு போனார். முழங்கால் ஆழத் தண்ணீரில் கை நீளத்துக்குச் சால்மன் மீன்கள்! கடலிலிருந்து முட்டையிட வந்தவை, ஓடையின் குறுக்கே கட்டியிருந்த கான்கிரீட் படியைத் தாண்ட முடியாமல் மோதி மோதி விழுந்துகொண்டிருந்தன. "பாரு அம்மிணி, இத்தன தூரம் வந்துபோட்டு இங்க வந்து சிக்கி நிக்குது" என்றார். அந்தப் படியில் மீனுக்கு வழி வெட்ட வேண்டும் என்பதே அன்றிலிருந்து அவர் பேச்சு. "மீன் குழம்புக்கா இத்தன பாடு?" என்று நண்பர்கள் கிண்டல் செய்தார்கள். ஆனாலும் கூப்பிட்டபோது வந்தார்கள்.

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை, தெரிந்த குடும்பங்கள் எல்லாம் மண்வெட்டியும் ரேக்கும் எடுத்துக்கொண்டு ஓடையில் இறங்கினோம். ஊரில் வாய்க்காலைத் தூர் வாருவது போலவே படிக்குக் கீழே வாரினோம். விழுந்து கிடந்த மரங்களைக் கரைக்கு இழுத்துப் போட்டோம். கூழாங்கல் மேடுகளைக் கிளறிச் சமமாக்கினோம். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. நல்ல காரியத்துக்கு அனுமதி என்ன வேண்டிக் கிடக்கிறது என்று நினைத்தோம். புளியோதரை சாப்பிட்டோம், படம் எடுத்துக்கொண்டோம். உங்களில் சிலர் வீட்டு ஹாலில் அந்தப் படம் இன்னும் மாட்டியிருக்கிறது.

அடுத்த மாதம் நூலகத்தில் ஓர் அம்மையார் சால்மனைப் பற்றிப் பேசினார். கேட்டுவிட்டு வந்த அண்ணன் அன்று சாப்பிடவில்லை. கூழாங்கல்லைத் தோண்டி முட்டையிட்டு மீன்கள் மூடி வைக்குமாம். அதைக் கிளறினால் முட்டை செத்துப்போகுமாம். "மேட்டப் பூராத்தையும் வாரிப்போட்டமே அம்மிணி" என்று அழுதார்.

படியில் மீனுக்கு வழி வெட்டலாமா என்று வசந்தத்தில் ஓடை அலுவலகத்து அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். ஒரு குஞ்சுகூட இல்லை. இந்த ஓடையில் முட்டை பொரியாது, படியை வெட்டிப் பயனில்லை என்று எழுதிவிட்டுப் போனார்கள். "நான் போயி சொல்லிப்போடறேன். ஓடை மேல தப்பில்ல, நம்ம மேலதான்" என்று அண்ணன் கிளம்பினார். கதவை மறித்தவள் நான். "வேண்டாங்ண்ணா. கேஸு கீஸுன்னு ஆச்சுன்னா என் கிரீன் கார்டு என்னாகறது? அப்ளை பண்ணி நிக்குதல்ல?" என்றேன். அவர் ஷூவைக் கழற்றினார்.

அதற்குப் பிறகும் விடவில்லை. ஓடை அலுவலகம் பொதுமக்களுக்காக நடத்தும் ஒவ்வொரு கூட்டமாகப் போய் மைக் முன்னால் நிற்பார். பேச ஒருவருக்கு மூன்று நிமிடம். மறுபடி வந்து பாருங்கள் என்று கெஞ்சுவார். பட்ஜெட் இல்லை என்பார்கள். "போன தடவை ஏன் ஒரு குஞ்சும் இல்லை?" என்று யாராவது கேட்டால் தலையைக் குனிந்துகொண்டு வந்து உட்கார்ந்துவிடுவார். "டாட், போதும், கிவ் இட் அப்" என்பாள் அவர் மகள். வேலை முடிந்து வந்து நான்தான் டிரைவ் பண்ணிக்கொண்டு போவேன். போகப் போக எனக்கு அந்த ஓடையைக் கண்டாலே எரிச்சல் வந்தது. அவரைக் கண்டாலும் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பிறகு அவருக்குக் கணையத்தில் புற்றுநோய் என்றார்கள். மூன்றே மாதம். ஆஸ்பத்திரியில் ஒரு மத்தியானம், "இப்பவாச்சும் சொல்லிப்போடலாமா அம்மிணி?" என்று கேட்டார். "மொதல்ல உடம்பு தேறட்டுங்ண்ணா" என்றேன். அந்த வாரமே போய்விட்டார்.

அந்த மாதங்களில் ரசமும் சாதமும் கொண்டுவந்து கொடுத்தீர்கள். முறைவைத்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து கூட்டி வந்தீர்கள். உங்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அன்று ஓடையில் இறங்கியவர்களுக்கும் நன்றி. நீங்கள் தெரியாமல் செய்தீர்கள், அண்ணனும் அப்படித்தான். வாயை மூட வைத்தது நான்.

நடந்ததை ஆங்கிலத்தில் எழுதி, என் கையெழுத்துப் போட்டு, ஓடை அலுவலகத்துக்குப் போன வாரம் அனுப்பிவிட்டேன். மறுபடி வந்து பார்க்கிறார்களா என்று தெரியவில்லை. கிரீன் கார்டு அண்ணன் போன பிறகுதான் கைக்கு வந்தது. இருந்தாலும் பயம் போகாமல், அனுப்பும் முன் ஒரு வக்கீலிடம் போய்க் கேட்டேன். முழுவதும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "இதுக்கெல்லாம் அப்பவே ஒண்ணும் ஆகியிருக்காதும்மா."