போனில் ஓதக் கற்றவள்

போர் முடிந்து சொந்த ஊரான நீராவிப்பிட்டிக்குத் திரும்பி வந்த வருசம், வீட்டு வளவில் வெட்டிக் குவித்த பற்றைக்கு ஸுஹைரியாதான் நெருப்பு வைத்தாள். அடியில் கிடந்த ஏதோ வெடித்தது. பத்தொன்பது வயதில் இரண்டு கண்ணும் போயிற்று. அகதியாக இருந்த புத்தளத்தில் பேசி வைத்திருந்த மாப்பிள்ளை அதன்பிறகு வரவேயில்லை.

உம்மாவும் வாப்பாவும் மௌத்தான பிறகு, கூடப்பிறந்த நானா முனவ்வரின் வீட்டில்தான் இருந்தாள். அவன் ஒரு மெமரி கார்டில் முழுக் குர்ஆனையும் ஏற்றி, தன் பழைய பட்டன் போனில் போட்டுக் கொடுத்தான். நீண்ட அத்தியாயங்களான சூராக்கள் சின்னச் சின்னத் துண்டுகளாக இருந்தன.

தேங்காய் துருவும்போதும் போன் பக்கத்தில் ஓதிக்கொண்டிருக்கும். ஒரு துண்டைக் கேட்பாள், நிறுத்துவாள், வாய்க்குள் ஓதுவாள். அரபு விளங்காது, ஓசையைப் பிடித்துக்கொண்டே போனாள். ஓதிக் காட்டத்தான் ஆளில்லை. பள்ளிவாசல் மௌலவி பெண்களுக்கு ஓதிக்கொடுப்பதில்லை. பல வருசம் கழித்து முழுவதும் மனனமானபோது, முனவ்வர் அயலுக்கெல்லாம் இனிப்பாக வட்டிலப்பம் கொடுத்தான்.

போன வருசம் பள்ளிவாசலில் பெண்பிள்ளைகளுக்கு மதரஸா தொடங்க ஆள் தேடினார்கள். ஸுஹைரியா தான் ஓதிக்கொடுப்பதாகச் சொல்லியனுப்பினாள். அவளைச் சோதிக்க வவுனியாவிலிருந்து மார்க்கம் படித்த ஓர் ஆலிமா வந்தார். ஊர்ப் பெண்கள் பாயில் கூடியிருந்தார்கள்.

ஆலிமா குர்ஆனைத் திறந்து, ஓர் ஆயத்தின் முதல் சொற்களை எடுத்துக் கொடுத்தார். ஸுஹைரியா தொடர்ந்தாள். நல்ல குரல். சளசளவென்றிருந்த பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

"நிப்பாட்டுங்க. ஒரு பக்கம் தாண்டிப் பாஞ்சிட்டீங்க."

"இல்லை ஆலிமா, இப்பிடித்தான் வரும்."

"எனக்குக் கண் தெரியுது, தங்கச்சி."

யாரோ சிரித்தார்கள். ஆலிமா வேறு சூராக்களிலும் கேட்டார். அங்கங்கே அதே மாதிரி ஓட்டை.

"பிழையா மனனம் செய்தவங்களைவிட ஒண்டும் தெரியாதவங்க பரவாயில்லை" என்று குர்ஆனை மூடினார்.

வீட்டில் முனவ்வர் கார்டைப் போட்டுப் பார்த்தான். பல துண்டுகள் இல்லை.

"அவள் பாடமாக்கத் தொடங்கின புதுசில நான்தான் அழிச்சனான்" என்றாள் அவன் மனைவி ரிஸ்வியா. "மகள் பிறந்த நேரம் அவளின்ர போட்டோ ஏத்தக் கார்டில இடம் காணேல்ல. குருடி முழுக்கப் பாடமாக்குவாள் எண்டு ஆர் கண்டது?"

"பிறகாவது சொல்லியிருக்கலாமே மதினி?"

"ஊரே உன்னைப் புகழ்ந்துகொண்டு திரிஞ்சது. நான் பெத்தெடுத்ததுக்கு ஆரும் வட்டிலப்பம் குடுத்தவையே?"

நானா ஏதாவது சொல்வான் என்று ஸுஹைரியா காத்திருந்தாள்.

"சோத்தைப் போடு" என்றான் அவன் மனைவியிடம்.

விடுபட்ட துண்டுகளைப் பிறகு ஏற்றிக் கொடுத்தான்தான். தனித்தனியாகக் கேட்டால் பாடமாகும். தொடர்ந்து ஓதினால், அந்த இடம் வந்ததும் நாக்கு பழைய தடத்திலேயே பாயும். உதட்டைக் கடித்து இரத்தம் வரவைத்தும் பார்த்தாள். நிற்கவில்லை.

பள்ளிவாசல் நிர்வாகம் யாரையும் வைக்கவில்லை. ஒரு ஸ்பீக்கரும் பென்டிரைவும் வாங்கிப் போட்டது. "இதுக்குப் பிழை வராது" என்றாராம் தலைவர். அதைக் கேட்டுக் கேட்டுப் பிள்ளைகள் ஓதுகிறார்கள். ரிஸ்வியாவின் மகளும் போகிறாள். ஒருநாள் வந்து, ஆலிமாவிடம் ஸுஹைரியா தவறவிட்ட பக்கத்தை ஓரிடமும் தட்டாமல் ஓதினாள்.

"சரியோ மாமி?"

"எனக்குத் தெரியாது" என்றாள் ஸுஹைரியா.

ரிஸ்வியா குசினியிலிருந்து சொன்னாள்: "சரியாத்தான் இருக்கும். நீ ஓது மகள்."