செல்லக்கனி நேற்றுச் சாப்பிட்டது

உணவுக் கணக்கெடுப்புக்காக நெல்லைப் பக்கம் கிளம்பும் இரண்டு மாணவிகள் வழி கேட்டு எழுதியிருந்தார்கள். பதில் எழுத உட்கார்ந்ததும், தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மார்கழியில் நான் போன வழிதான் கண்ணுக்குள் வந்தது. அப்போது மதுரையில் ஊட்டச்சத்துப் படிப்பு. ஆய்வுக்கு எனக்கு வாய்த்த ஊர் சீவலப்பேரி.

பாளையங்கோட்டையிலிருந்து பதினைந்து கிலோமீட்டர் போல இருக்கும். காலை ஏழு மணி டவுன் பஸ், டிக்கெட் இரண்டு ரூபாய்ச் சில்லறை, முக்கால் மணி நேரம். ஜன்னலுக்கு வெளியே வயல் எது, பனி எது என்று தெரியவில்லை. சிற்றாறு வந்து சேரும் இடத்தில் தாமிரபரணி ஓடுகிறதா, நிற்கிறதா என்றும் சொல்ல முடியவில்லை. பாதித் தூக்கத்தில் நடப்பவள்போலத்தான் தெருவுக்குள் போனேன்.

நேற்று எழுந்ததிலிருந்து படுக்கும்வரை என்னென்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டு, அளவுக் கிண்ணங்களைக் காட்டி எழுத வேண்டும். அவ்வளவுதான் வேலை. முதல் வீட்டுச் செல்லக்கனிக்கு இருபது வயதிருக்கும், மூன்று மாதக் கர்ப்பம். சுவரில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டே சொன்னாள்.

"காலைல உளுந்தங்கஞ்சி, தேங்காப்பூ நெறைய. மத்தியானம் கூட்டாஞ்சோறு. முருங்கக்கீர, கத்தரிக்கா, மாங்கா எல்லாம் போட்டு... இந்தக் கிண்ணத்துக்கு மூணு. ராத்திரி ஆத்து மீன் கொழம்பு, சுடுசோறு."

அவள் சொல்லச் சொல்ல எனக்கே மணத்தது. மார்கழியில் ஏது மாங்காய் என்றுகூடத் தோன்றாமல் எழுதிக்கொண்டிருந்தேன். தண்ணீர்க் குடத்தோடு உள்ளே வந்த அவள் மதினி வேலம்மாள் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏட்டி, எப்பட்டி இதெல்லாம் தின்னே?" என்றவள் என்னிடம் திரும்பினாள். "மூணு நாளா இவளுக்குப் பச்சத்தண்ணி தங்கலக்கா. குடிச்சதும் வாந்தி எடுக்கா."

செல்லக்கனி கண்ணைத் திறந்தாள். "பொய் சொல்லலக்கா. கண்ண மூடுனா எல்லாம் ருசிக்கி. தொறந்தா கொமட்டுது. நேத்து பூரா அப்படித்தான் கெடந்தேன்."

அப்போதுதான் அவள் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். உதடு வெடித்திருந்தது, கண் உள்ளே போயிருந்தது. எழுந்து நிற்கச் சொன்னதும் மதினி தோளில் சரிந்தாள். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன்.

"மசக்கைக்கு எவளாவது ஆஸ்பத்திரிக்குப் போவாளா?" என்றார் திண்ணையில் இருந்த செல்லக்கனியின் மாமியார்.

வேலம்மாள் குடத்தை இறக்கி வைத்தாள். "நீங்க சும்மா இருங்க அத்தை. நா கூட்டிட்டுப் போறேன்."

பஸ்ஸில் இருவருக்கும் நடுவில் அவளை உட்கார வைத்தோம். "அண்ணாச்சி, பைய போங்க, புள்ளத்தாச்சி" என்று வேலம்மாள் குரல் கொடுத்தாள். "பள்ளம் பாத்துதான் விடுதேன் தாயி" என்றார் டிரைவர். பனி விலகிய வயல்கள் பச்சையாக மிதந்து போயின. செல்லக்கனி என் தோளில் கிடந்து எதையோ முணுமுணுத்தபடி வந்தாள். காதைக் கொடுத்தபோது, "அப்பளம்" என்று கேட்டது.

தாமதித்திருந்தால் சிரமமாகியிருக்கும் என்றார் டாக்டர். குளுக்கோஸ் ஏற்றினார்கள். சாயங்காலம் உப்புப் போட்ட கஞ்சி இரண்டு கரண்டி குடித்தாள். அது உள்ளே தங்குமா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்திருந்தோம். தங்கியது. வேலம்மாள் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

போகிறவர்களுக்கு: வயல் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் கதவைத் தட்டாதீர்கள். குடிக்கத் தண்ணீர் கொண்டு போங்கள். சமைப்பவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள். பேனாவைத் திறக்கும் முன் எதிரில் இருப்பவர் முகத்தை ஒருமுறை பாருங்கள்.

மறுசுற்றுக்குப் பங்குனியில் போனேன். செல்லக்கனி வயிறு தெரிய, கன்னம் தேறி, வாசலில் நெல் துழாவிக்கொண்டிருந்தாள். நேற்று என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். வெகுநேரம் யோசித்தாள்.

"மறந்துட்டேனேக்கா" என்று சிரித்தாள். "மதினி, நேத்து நாம என்னத்தத் தின்னோம்?"