எளாவூர் வரிசையில் அடிக்காத பஸர்

கல்லூரியின் கடைசி வருடம் நான் செய்த புராஜெக்ட், இரண்டு வண்டிகளைக் கம்பியில்லாமல் பேச வைப்பது. முன்னால் போகும் வண்டி பிரேக் பிடித்தாலோ நின்றாலோ அதிலிருக்கும் டிரான்ஸ்மிட்டர் தகவல் அனுப்பும். பின்னால் வரும் வண்டியில் பஸர் அலறும். அடுத்த கட்டத்தில் டிரைவர் மிதிக்காமலே பிரேக் விழ வேண்டும். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். இதை அப்பாவுக்கு மூன்று முறை விளக்கினேன்.

அப்பாவும் சித்தப்பாவும் கும்மிடிப்பூண்டியில் இரும்பு ஏற்றிக்கொண்டு ஜோடியாக ஆந்திராவுக்கு லாரி ஓட்டுகிறவர்கள். சித்தப்பா முன்னால், அப்பா பின்னால். இரண்டு லாரியிலும் என் பெட்டிகளைப் பொருத்தினேன்.

"இன்னாண்ணே, கண்ணு பத்தலன்னு உன் புள்ள உனுக்குக் காது மிசினு மாட்டிக்கினு கீறானா?" என்றார் சித்தப்பா.

"போடா, ஆரனையே ஒழுங்கா அடிக்கத் தெரியாதவன் நீ. இனிமே நீ பிரேக்க மிதிச்சா எனுக்கு இங்க கேக்கும்," என்றார் அப்பா.

"சத்தம் வரலன்னா ரோடு காலி, நைனா," என்று நான் அப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

பத்து நாள் ஒழுங்காக வேலை செய்தது. பிறகு மார்கழிப் பனியில் ஒரு விடியற்காலை. எளாவூர் செக்போஸ்ட்டுக்கு முன்னால் நீண்ட லாரி வரிசை. அதன் கடைசியில் நின்ற சித்தப்பா, எல்லா டிரைவரும் செய்வதைத்தான் செய்தார். பேட்டரி இறங்கிவிடக் கூடாதென்று மெயின் ஸ்விட்ச்சை அணைத்தார். பின்விளக்குகளோடு என் டிரான்ஸ்மிட்டரும் செத்தது. டீக்கு நிறுத்தியதால் பின்தங்கிய அப்பா வேகமாக வந்துகொண்டிருந்தார். பஸர் அடிக்கவில்லை. அவர் வேகத்தைக் குறைக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அப்பாவின் வலது காலை முட்டிக்கு மேலே எடுத்தார்கள்.

அப்பா அந்த ஸ்விட்ச்சை அணைப்பதைப் பிறந்ததிலிருந்து பார்த்தவன் நான். புராஜெக்ட்டை மேற்பார்த்த பேராசிரியருக்குத் தெரியாமல் இருக்கலாம். எனக்குத் தெரியும். செத்த பெட்டியும் சத்தம் போடாது என்று, சர்க்யூட் படம் வரைந்த நாட்களில் ஒரு நாள்கூட எனக்குத் தோன்றவில்லை.

ஆஸ்பத்திரியில் கண் விழித்த அப்பா, "பஸரு அடிக்கலபா. டீ குட்ச்சிட்டு ஏறுனப்ப நான்தான் உன் பெட்டிய ஆன் பண்ண மறந்துட்டேன் போல," என்றார். பார்க்க வந்தவர்களிடமும் அதையே சொன்னார். சித்தப்பா சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இல்ல நைனா..." என்று ஆரம்பித்தேன்.

"காலேஜுல இத வாய தொறக்காத. என் மறதிக்கு உனுக்கு மார்க்கக் கொறச்சிடப் போறானுங்க."

கல்லூரியில் சொல்லவில்லை. அவரிடமும் சொல்லவில்லை. புராஜெக்ட்டுக்கு நல்ல மார்க் வந்தது. அந்த மார்க் தாளை மடியில் வைத்துக்கொண்டு அப்பா வெகுநேரம் தடவிப் பார்த்தார்.