கபிலச் சேவலின் குஞ்சுகள்

இங்கினியாகலையில் அணை கட்ட வந்திருந்த அமெரிக்கக்காரர்களின் குசினியில் என் கணவர் சமையல் வேலை செய்தார். வேலை முடிந்து அவர்கள் கப்பலேறும்போது, தாங்கள் வளர்த்த வான்கோழிகளில் ஒரு கபில நிறச் சேவலையும் நான்கு கறுப்புப் பேடுகளையும் அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள். மருதமுனையில் எங்கள் வளவுக்குள் அவை வந்திறங்கிய அன்று, தறியிலிருந்து எழும்பிப் போய்ப் பார்த்துவிட்டு, திரும்பவும் வந்து தறியில் உட்கார்ந்துகொண்டேன்.

வான்கோழிக் குஞ்சு ஆணா பெண்ணா என்பது சாதாரணமாக மாதக்கணக்கில் தெரியாது. இந்தச் சேவலின் குஞ்சுகள் அப்படியில்லை. தாயைப்போலக் கறுப்பாக வந்தவை எல்லாம் சேவல். தகப்பனைப்போலக் கபிலமாக வந்தவை எல்லாம் பேடு. குசினியில் ஒரு வெள்ளைக்காரர் சொல்லியிருந்தாராம். என் கணவர் அதை அப்படியே நம்பவில்லை. என்னிடம் அறுந்த நூல் வாங்கி, கறுப்புக் குஞ்சின் காலில் சிவப்பும் கபிலக் குஞ்சின் காலில் பச்சையும் கட்டி, வளர்த்துப் பார்த்தார்.

“ஒண்டும் பிழையாப் போகல்ல புள்ள,” என்று ஏழு மாதம் கழித்து வந்து சொன்னார். எனக்கு வேலை இருந்தது. “அப்பிடியா,” என்றேன்.

அடுத்த வருடம் மூன்று நாள் காய்ச்சலில் அவர் மவுத்தானார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. புருஷன் மவுத்தானால் இருக்கிற இத்தாவில் இருந்தேன்; நாலு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள்ளேயே. அவர் அடைவைத்துவிட்டுப் போன முட்டைகள் அந்த மாதத்திலேயே பொரித்தன. உம்மா குஞ்சுகளை ஓலைக் கடகத்தில் போட்டு என் முன்னால் கொண்டுவந்து வைத்தா. கறுப்பை ஒரு பக்கமும் கபிலத்தை ஒரு பக்கமும் பிரித்து வைத்தேன். கை பிரித்தது, நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகை வரும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். வரவில்லை.

அவருக்காக ஓதிச் சாப்பாடு கொடுக்கும் நாற்பதாம் நாள் கத்தத்துக்கு முதல்நாள், என் கூடப்பிறந்த ராத்தா தன் புருஷன் அனுப்பி வந்தா.

“மச்சான் கேக்கச் சொன்னாரு. அந்தக் கபிலச் சேவல அறுப்பமா? நல்ல எறைச்சி இரிக்கும்.”

“ஓம்,” என்றேன்.

வீட்டை விற்கலாமா என்று கேட்டிருந்தாலும் அன்றைக்கு ஓம் என்றுதான் சொல்லியிருப்பேன். சேவலை அறுத்தார்கள். எனக்கும் ஒரு கோப்பையில் வந்தது. தின்றேன்.

இத்தா முடிந்து தறிக்குத் திரும்பினேன். அவர் செய்ததைச் செய்தால் போதும் என்று, வளர்ந்த குஞ்சுகளில் ஒரு கறுப்புச் சேவலை அதோடு பொரித்த கபிலப் பேடுகளோடு விட்டேன். அந்தக் குஞ்சுகளும் கறுப்பும் கபிலமுமாகத்தான் வந்தன. பாண்டிருப்பிலிருந்து நான் நெய்யும் பிடவை வாங்க வருகிற ஒரு பெண், பேடு வேண்டும் என்று கேட்டு ஆறு கபிலக் குஞ்சு கொண்டுபோனா.

மாதங்கள் கழித்து, அவ ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து முற்றத்தில் வைத்தா.

“பேடெண்டுதானே தந்தீங்க? இது வால விரிச்சுக்கொண்டு திரியுது. இதோட மூண்டு இப்பிடி.”

பெட்டிக்குள்ளிருந்த கபிலக் குஞ்சுக்கு மூக்கின் மேல் சதை தொங்கியது. சேவல்தான். வெட்கப்பட வேண்டும் என்று தெரிந்தது. வெட்கம் வரவில்லை. வளர்ந்த பேடுகளில் மூன்றைப் பிடித்துக் கொடுத்து, சேவலை வாங்கி வைத்துக்கொண்டேன். அதைக் கறுப்புச் சேவலோடு விட முடியவில்லை. இரண்டும் இரத்தம் வரக் கொத்திக்கொண்டன. பின்வளவில், பழைய கறுப்புப் பேடுகளில் உயிரோடிருந்த இரண்டின் கூட்டுக்குள் தள்ளினேன். வேறு இடம் இல்லாததால் செய்ததுதான்.

அவை இட்ட முட்டைகள் பொரித்தபோது மறுபடியும் நூல் கட்டினேன். இந்த முறை நானே காத்திருந்தேன். சிவப்பு நூல் கட்டியவை ஒன்று விடாமல் வாலை விரித்தன. பச்சை நூல் கட்டியவை ஒன்றுகூட விரிக்கவில்லை. தறியில் இருந்தபடியே யோசித்துப் பார்த்தேன். தகப்பன் கபிலமாகவும் தாய் கறுப்பாகவும் இருந்தால்தான் கணக்குச் சரிவரும். மாற்றிச் சேர்த்தால் குழம்பிவிடும். இது அவருக்கும் தெரிந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது.

அடுத்த தடவை வந்த பாண்டிருப்புப் பெண்ணுக்கு, பொரித்து இரண்டே நாளான கபிலக் குஞ்சுகளைக் காட்டினேன். அவ ஒன்றைக் கையிலெடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தா.

“இந்தமுறை பேடுதான் எண்டு எப்பிடிக் கா சொல்றீங்க?”

“அவரு சொன்னது,” என்றேன்.

“எவரு?”

மவுத்துக்குப் பிறகு அவரைப் பற்றி என் வாயால் ஒருவரிடமும் கதைத்திருக்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்ததால் யாரும் கேட்கவுமில்லை. இந்தப் பெண்ணுக்குத் தெரியாது.

“என்ட மாப்புள. காய்ச்சல் வந்து மவுத்தாகிட்டாரு.”

அவ குஞ்சைக் கடகத்துக்குள் மெதுவாக விட்டுவிட்டு, போகாமல் வாசற்படியில் உட்கார்ந்தா. “என்ன காய்ச்சல்?” என்று கேட்டா. முதல் நாளிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.