சூளைக் காப்பு

ஓம் பிள்ளை, அவளேதான். முதலாம் ஒழுங்கையில ஓட்டு வீட்டின்ர பக்கத்து அறையை வாடகைக்கு எடுத்து, ஒரு தையல் மிசினோட வந்து இருக்கிறாளே, அவள். பாத்தாத் தெரியாது. ஆனா அவளின்ர அப்பப்பா வீதியில வந்தா ஆக்கள் வேலியோட ஒதுங்கி நிப்பினம். துறைமுகத்தடியில நிக்கிற பழைய கட்டடங்கள் கனக்க அவையின்ர சுண்ணாம்பிலதான் நிக்குது. இப்ப அவள் ஊராற்ற சட்டைக்குப் பித்தான் தைக்கிறாள். கேட்ட நேரந்தொட்டு எனக்கு வாயெல்லாம் பல்லு. சந்தோசப்படக்கூடாது, பாவம். ஆனாப் படுறன். ஏனெண்டு சொல்லுறன், இப்பிடி இரு. அந்தக் கதிரையில இராத, அதுக்குக் கால் ஆடும். பாயில இரு.

அவை முதல்ல பெரிய ஆக்கள் இல்லைப் பிள்ளை. இவளின்ர அப்பப்பாவுக்கும் அப்பப்பா ஒரு தோணியோட இலங்கைத்துறைப் பக்கமிருந்து வந்தவராம். கடலுக்க சுழியோடி முருகைக்கல்லு, அதான் பவளப்பாறைக் கல்லு, எடுத்து, கரையில குழி வெட்டி எரிச்சு, வெத்திலைக் கடையளுக்குச் சிரட்டை சிரட்டையா சுண்ணாம்பு வித்தவர். அவற்ற மகன் கலியாணம் கட்டின மனுசிதான் எல்லாத்துக்கும் மூளை. நாங்கள் அவவை ஆச்சி எண்டுதான் சொல்லுறது. எழுத்து வாசிப்பில்லை, என்னைப்போலதான். ஆனா ஒரு கல்லை விரலால தட்டிச் சத்தத்தைக் கேட்டே உள்ளுக்கு வெந்ததோ இல்லையோ எண்டு சொல்லிப்போடுவா. அவ வந்த பிறகுதான் குழி சூளையாச்சு. ஒரு சூளை மூண்டாச்சு. விறகுக்குக் காடு குத்தகைக்கு எடுத்தினம், லொறி வாங்கினம். பேந்து மாடி வீடு. கண்ணாடி யன்னல் வைச்ச வீடு, பாட்டுப் பெட்டி வைச்ச வீடு. அந்தப் பெட்டி பாடுறதைக் கேக்க நாங்கள் மதிலுக்கு வெளியில நிப்பம். எங்கட அம்மா மட்டும் நிக்கமாட்டா. "உங்கட அப்பன்ர மூச்சுத்தான் உள்ளுக்கு இருந்து பாடுது, வாங்கோ வீட்ட" எண்டுவா.

அப்பா அவையின்ர தலைமைச் சூளைக்காரர். நெருப்புப் பாக்கிறது அவர். சூளை மூட்டினா நாலு நாள், அஞ்சு நாள் நெருப்பு ஒரே சீரா நிக்கோணும். நடுவில தணிஞ்சா கல்லு அரைவேக்காடாப் போயிடும், தண்ணி ஊத்தினாலும் மாவாப் பொரிஞ்சு பூக்காது, ஒண்டுக்கும் உதவாது. அதுக்காண்டி ஒரு வழக்கம் வைச்சிருந்தவை. கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டுறமாதிரி, சூளை மூட்டேக்க ஆச்சி தன்ர கையால அப்பாவின்ர வலது மணிக்கட்டில மஞ்சள் நூல் கட்டுவா. கட்டினாப் பிறகு அவர் சூளைவளவு வாசல் படலை தாண்டக்கூடாது. மச்சம் மாமிசம் தின்னக்கூடாது. சூளை திறந்து முதல் கல்லுப் பூத்தாப் பிறகு, கட்டின கைதான் அவிழ்க்கோணும். வெட்டவும் கூடாது. மீறினா நெருப்பு அந்தக் குடும்பத்தையே தின்னும் எண்டு சொல்லுறது. ஆற்ற குடும்பத்தை எண்டு ஒருதரும் சொல்லுறேல்ல. அப்பா தன்ர குடும்பத்தை எண்டு நினைச்சார். ஆச்சி தன்ர எண்டு நினைச்சா.

முந்தி அது கரைச்சல் இல்லை. அஞ்சு நாள் உள்ளுக்கு நிண்டா பத்து நாள் வீட்டில நிப்பார். பாலையூற்றில எங்கட குடிலுக்கு வந்து, முழுகி, மீன்குழம்போட ஒரு கோப்பை சோறு திண்டிட்டுப் படுத்தாரெண்டா அடுத்தநாள் மத்தியானம்தான் எழும்புவார். யப்பான் சண்டை வந்துதானே எல்லாம் மாறினது. வெள்ளைக்காரன் சிங்கப்பூரை விட்டிட்டு ஓடிவந்து எங்கட துறைமுகத்துக்க குந்தினான். கப்பலெண்டாக் கப்பல். சீனன்குடாவில பிளேன் இறங்குற இடம், கரையெல்லாம் ஆமிக்குக் கட்டடம். எல்லாத்துக்கும் சுண்ணாம்பு வேணும். ஆச்சியின்ர மகன்தான் முதலாளி, இவளின்ர அப்பப்பா. நேவிக்காரனோட ஒப்பந்தம் எழுதிக் கொந்திறாத்து எடுத்தார். ஒரு சூளை திறக்கமுன்னம் மற்றது எரியும், அது திறக்கமுன்னம் மூண்டாவது. அப்பா காப்பு அவிழ்க்கச் சொல்லி கையை நீட்டினா, ஆச்சி, "அவிழ்த்தா உடன திரும்பக் கட்டத்தானே வேணும், அது தன்பாட்டில கிடக்கட்டுமே" எண்டுவாவாம்.

தைப்பொங்கல் முடிய உள்ளுக்குப் போன மனிசன் பங்குனிக் கடைசியாகியும் வரேல்ல. எனக்குப் பன்னிரண்டு வயசிருக்கும். காலமையில பழஞ்சோறும் மரக்கறியும் கொண்டுபோய்ப் படலையால நீட்டுறது நான்தான். சிலநாள் அம்மாவும் வருவா. அவ வேலிக்கு இஞ்சாலை, அவர் அங்காலை.

"நீங்கள் தாலி கட்டினது எனக்கோ, இந்த வேலிக்கோ?" எண்டு அம்மா ஒருநாள் கேட்டா.

"வேலி உன்னைமாதிரி வாய் காட்டாது" எண்டார் அப்பா.

அம்மாவுக்குச் சிரிப்பு வந்திட்டுது. ஆனா அவரைப் பாத்தா வந்த சிரிப்பும் போயிடும் பிள்ளை. கண்ணிமையில முடியில்லை. இருமினா வெள்ளையாத் துப்புவார்.

சித்திரை வருசப்பிறப்புக்கு அஞ்சாறு நாள்தான் இருந்தது. நாலு நாளைக்கு முன்னம் கொழும்பில யப்பான்காரன் குண்டு போட்டவனெண்டு கதை வந்து, காசுள்ள ஆக்கள் மூட்டை கட்டத் தொடங்கிட்டினம். நான் சோத்தோட படலையில நிக்கிறன். முதல்ல இரைச்சல். பேந்து அபாயச் சங்கு ஊதிச்சுது. பேந்து நிலம் கீழயிருந்து உதைச்சுது பாரு, எனக்குப் பல்லெல்லாம் அடிச்சுது. அப்பா என்னை இழுத்து, சுண்ணாம்பு நீத்துற வெறுந்தொட்டிக்குள்ள போட்டு மேல கிடந்தார். எவ்வளவு நேரமெண்டு தெரியாது. வெளியில வந்து பாத்தா சூளைவளவில ஒரு குருவி இல்லை, வேலைகாரர் எல்லாம் ஓடியிட்டினம். சீனன்குடாப் பக்கம் எண்ணெய்த் தாங்கி பத்தி வானம் கறுத்துப்போச்சு. அது நாள்க்கணக்கா எரிஞ்சது. அப்பா என்ன செய்தவரெண்டு நினைக்கிறாய்? போய் விறகு போட்டார்.

அம்மா தலைவிரிகோலமா ஓடிவந்தா. வீதி முழுக்க ஆக்கள் சட்டி பானையோட காட்டுப்பக்கம் போகினம், அவ ஒருத்திதான் எதிர்ப்பக்கம் வந்தவ. "வாங்கோ. திரும்ப வருவாங்களாம்" எண்டா. அப்பா கையைத் தூக்கிக் காப்பைக் காட்டினார்.

"ஆச்சி அவிழ்க்காமல் நான் படலை தாண்டினா இந்தப் பிள்ளைக்குத்தான் வரும்."

"ஆச்சி இந்நேரம் அநுராதபுரம் போய்ச் சேந்திருப்பா."

"அப்ப நீங்கள் போங்கோ."

ஒருவேளை ஆச்சி இன்னும் போகேல்லையோ எண்டு அம்மாவுக்கு ஒரு நப்பாசை. என்ர கையைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு மாடி வீட்டுக்கு நடந்தா. ரெண்டு வீதி தள்ளி. வழியில ஒரு மாடு வயிறு கிழிஞ்சு கிடந்தது, உயிரோட. எனக்கு அதைச் சொல்லத் தேவையில்லை, ஆனா அந்த வீட்டை நினைச்சா முதல்ல அந்த மாடுதான் வருது.

முன்கதவு ஆவெண்டு திறந்து கிடந்தது. கார் இல்லை. அலுமாரியெல்லாம் துடைச்சு எடுத்தமாதிரி. பாட்டுப் பெட்டியும் போயிட்டுது. பின்னால குசினி வாசலில ஆச்சி கதிரையில இருந்தா. வாதம் வந்த கால், எழும்ப ஏலாது. பக்கத்தில ஒரு செம்பு, அதில தண்ணி இல்லை.

"சாமான் ஏத்தினாப் பிறகு இடம் காணாதாம்" எண்டா. "பின்னேரம் வந்து என்னை ஏத்துறன் எண்டவன் மகன்."

அம்மா கிணத்தடிக்குப் போனா. செம்பை நிரப்பிக் குடுத்தா. எங்கட கையால தண்ணி வாங்கிக் குடிக்கிற ஆக்கள் இல்லை அவை. ஆச்சி கொஞ்சம் பாத்திட்டுக் குடிச்சா. பிறகு அம்மா வந்த விசயத்தைச் சொன்னா.

"அவனை இஞ்ச வரச்சொல்லு."

"அவர் படலை தாண்டமாட்டார்."

"நல்ல வேலைகாரன்" எண்டா ஆச்சி.

அம்மா அவவைக் கதிரையோட தூக்கினா. ஒரு பக்கம் நான். கல்லு ஏத்துற தள்ளுவண்டி ஒண்டு பின்வளவில கிடந்தது, அதில இருத்தித் தள்ளிக்கொண்டு போனம். பட்டுக்கரைச் சேலை, காதில வைரத்தோடு, சுண்ணாம்பு வண்டியில. ஓடுற ஆக்கள் நிண்டு பாத்தினம். அந்த நேரத்திலயும் ஒரு மனிசி, "என்ன, ஆச்சிக்குத் தேரோட்டமோ?" எண்டு கேட்டிட்டுத்தான் ஓடினவ.

வாதம் வந்தாப் பிறகு காப்புக் கட்ட ஆச்சி காரில படலையடிவரைக்கும்தான் வருவா, உள்ளுக்கு வந்து கன வருசமாம். படலைக்குள்ள போன உடன முகம் மாறிச்சுது. மூக்கை உயத்திப் புகையை மணந்தா. அப்பா வந்து முன்னால நிண்டு கையை நீட்டினார். ஆச்சி கையைப் பாக்கேல்ல.

"மேற்கு வாயில நெருப்புச் செத்துக் கிடக்கு. விறகு போடு" எண்டா.

அப்பா போய்ப் போட்டார். அம்மா அப்பிடியே நிலத்தில குந்திட்டா. நான் வானத்தைப் பாத்துக்கொண்டு நிக்கிறன். புகையில ஒரு புள்ளி தெரிஞ்சாலும் பிளேனோ எண்டு தொட்டிப்பக்கம் ஓடுறன். அப்பா வேர்க்க வேர்க்கத் திரும்பி வந்து பழையபடி கையை நீட்டினார்.

"இன்னும் ரெண்டு நாள். நேவிக்காரனுக்குச் சொன்ன நாளில குடுக்கோணும். குடுக்காட்டி எங்கட பேர் போயிடும்" எண்டா ஆச்சி.

அம்மா எழும்பினா. சத்தம் போடேல்ல. "உங்கட பேரைக் காரில ஏத்திக்கொண்டு போயிட்டினம் ஆச்சி. விட்டிட்டுப் போனது உங்களைத்தான்."

கிழவி வண்டியில இருந்தபடி திரும்பினா. சூளையைப் பாத்தா, படலையைப் பாத்தா. பேந்து, "கிட்ட வா" எண்டு அப்பாவின்ர மணிக்கட்டைப் பிடிச்சா.

அவிழ்க்கிறது லேசோ? மூண்டு மாசம் வேர்வையும் சுண்ணாம்பும் குடிச்ச முடிச்சு, கல்லாப் போச்சு. ஆச்சியின்ர விரலெல்லாம் வாதத்தில மடங்கி இருக்கு. நகத்தால கிண்டினா. கொஞ்சம் தண்ணி விட்டு ஊறவைச்சா. குனிஞ்சு வாயால இழுத்துப் பாத்தா, பல்லில்லை. அம்மா உதவிக்குக் கையைக் கொண்டுபோக அப்பா, "தொடாத" எண்டார். வெயில் ஏறிட்டுது. சூளை தணிய உள்ளுக்குக் கல்லு வெடிக்கிற சத்தம் கேக்குது, அப்பா ஒவ்வொரு சத்தத்துக்கும் துடிக்கிறார். ஆச்சிக்கும் அந்தச் சத்தம் விளங்கும்தானே. அவ தலையை நிமித்தேல்ல. கடைசியில நூல் இளகிச்சுது. மணிக்கட்டைச் சுத்தி வெள்ளையா ஒரு வளையம், நடுவில புண்.

அப்பா படலை வரைக்கும் நடந்தார். அங்க நிண்டு திரும்பிப் பாத்தார். அம்மா முதுகில கையை வைச்சுத் தள்ளித்தான் வெளியில விட்டவ. பேந்து அவரே வண்டியைத் தள்ளினார்.

ஆச்சி எங்கட குடிலில இருபது நாள் இருந்தா. ஒவ்வொரு நாளும் பின்னேரம் தலை வாரி இழுத்துவிடச் சொல்லுவா, மகன் வருவானெண்டு. எங்கட கஞ்சியைக் குடிச்சா, உப்புக் கூட எண்டு பிழையும் சொன்னா. அவ கண்ணை மூடி எட்டுச் சடங்குக்கும் பிறகுதான் முதலாளி வந்தவர். வந்து முதல் கேட்டது தாயை இல்லை.

"ஏன் நெருப்பை விட்டனீ?" எண்டு அப்பாவைக் கேட்டார்.

"ஆச்சிதான் அவிழ்த்தவ."

"புத்தி தடுமாறி அறளை பேந்த கிழவியை வண்டியில ஏத்திக்கொண்டுபோய் அவிழ்ப்பிச்சது நீங்கள்தானே."

அதையே ஊர் முழுக்கச் சொல்லியும் போட்டார். ஆனாச் சொல்லி என்ன? மூண்டு சூளையும் அரைவேக்காட்டுக் கல்லோட இறுகி, சுவர் பிளந்து கிடந்தது. நேவிக்காரன் சொன்ன நாளுக்குச் சுண்ணாம்பு வராமல் கப்பலில சீமெந்து இறக்கினான். முதலாளி ஒரு சூளையைத் திருத்தி மூட்டப் பாத்தவர்தான். ஆனாக் காப்புக் கட்ட அந்த வீட்டுக் கைக்குத் தன்ர கையை நீட்ட ஒரு சூளைக்காரன் வரேல்ல. லொறி போச்சு, காடு போச்சு. கடைசியில மாடியை ஒரு அமெரிக்கன் ஒப்பீசருக்கு வாடகைக்கு விட்டிட்டு, முதலாளி பின்னறைக்கு வந்திட்டார்.

அந்த அமெரிக்கன்ர கதையும் ஒரு கதை. எங்கட அயலவர் ஒருதர் அவனுக்குக் குசினி வேலை, இங்கிலீசு கொஞ்சம் தெரியும். அவன்ர அப்பப்பாவுக்கும் அவையின்ர ஊரில இரும்பு உருக்கிற உலையளாம், மலைமலையா. ஊரே அவற்ற புகைக்குள்ளதான் எழும்புமாம். அப்பன் காலத்தில சகோதரங்கள் தங்களுக்க அடிபட்டு, உலையெல்லாம் அவிஞ்சு, இவனுக்குக் கிடைச்சது பேர் மட்டும்தானாம். எங்கட முதலாளியும் அவனும் முற்றத்தில ரெண்டு கதிரை போட்டுப் பேசாமல் இருப்பினமாம். அம்மா அதைக் கேட்டிட்டு, "அவையின்ர உலைக்கு நெருப்புப் பாத்தது ஆராம்?" எண்டு கேட்டா.

"அதை நான் கேக்கேல்லையே அக்கா" எண்டார் அவர்.

அப்பா அப்ப படுக்கையில. நெஞ்சு முழுக்கச் சுண்ணாம்பு, எழும்பி இருந்துதான் மூச்சு விடுவார். அவருக்கு ஒரே நினைப்பு, அந்தக் குடும்பம் விழுந்தது தன்ர கையாலதான் எண்டு. மணிக்கட்டில அந்த வளையத்தைச் சொறிஞ்சு சொறிஞ்சு இரத்தம் வரும். "முதலாளியிட்டக் கேளப்பா, என்னை மன்னிச்சன் எண்டு ஒரு சொல்லு" எண்டு அம்மாவைக் கெஞ்சினார். மன்னிப்புக் கேக்கவேண்டியது ஆர் எண்டு அம்மா கேக்கேல்ல. சேலையை மாத்திக்கொண்டு போனா. நானும் போனனான்.

பின்னறைக் கதவு பாதிதான் திறந்தது. அம்மா சொன்னதை எல்லாம் கேட்டிட்டு, "அவனுக்குச் சொல்லு, என்ர கண்ணில படாமல் சாகச் சொல்லி" எண்டார் முதலாளி. கதவைச் சாத்திட்டார்.

அம்மா திரும்பி விறுவிறெண்டு நடந்தா. எங்கட படலையடியில வந்து என்ர கன்னத்தைப் பிடிச்சு, "நீ ஒண்டும் கேக்கேல்ல, என்ன?" எண்டா. உள்ளுக்குப் போய் அப்பாவின்ர பக்கத்தில இருந்து அந்தக் கையை எடுத்து மடியில வைச்சா. "மன்னிச்சிட்டாராம். அழுதவர் எண்டால் நம்புவியளோ? காப்பு முறையாத்தானே அவிழ்ந்தது, அவனில பிழையில்லை எண்டவர்."

"அப்பிடியே சொன்னவர்?" எண்டு அப்பா என்னைப் பாத்தார்.

ஓம் அப்பா எண்டு சொன்னனான். பிள்ளை, நான் அதுக்கு முன்னமும் பிறகும் எத்தினையோ பொய் சொல்லியிருக்கிறன், அதுமாதிரி வடிவா ஒண்டு சொன்னதில்லை. அண்டைக்கு அவர் மணிக்கட்டைச் சொறியேல்ல. அடுத்தநாள் விடிய அம்மா தேத்தண்ணி கொண்டுபோகக் கை குளிர்ந்து கிடந்தது.

அந்தா, மழை துமிக்குது. முற்றத்துப் பாயில மிளகாய் காயக் கிடக்கு, நனைஞ்சா அவ்வளவும் பூசணம். எழும்பு பிள்ளை, பாயின்ர அந்தத் தலைப்பைப் பிடி, கெதியாப் பிடி.