அட்டைப்படத்து விளக்கு

என் அப்பா வீடுகளின் வெளிச்சுவரில் விளக்கு மாட்டும் எலக்ட்ரீஷியன். நான் நாவல்களுக்கு அட்டைப்படம் வரைகிறவள். எதை வரைந்து காட்டினாலும் விளக்கை மட்டும்தான் பார்ப்பார். வாசலில் அழுதுகொண்டு நிற்கும் பெண் அவர் கண்ணில் படவே மாட்டாள்.

"தலைகீழா மாட்டியிருக்கியேம்மா. மழை பெஞ்சா உள்ள தண்ணி ரொம்பிடும்."

"படத்துல மழை எங்கப்பா இருக்கு?"

"மழை சொல்லிட்டா வருது?"

பல்லைக் கடித்துக்கொண்டு திருத்தினேன். அடுத்த அட்டையில் விளக்கு கதவின் கீல் பக்கம் இருக்கிறதாம். பூட்டுப் பக்கம் இருந்தால்தான் சாவி போடும் துவாரம் தெரியுமாம். ஏற்கெனவே பதிப்பகத்தில் என் உயிரை வாங்குகிறார்கள். வெறுத்துப்போய், அதற்கடுத்த அட்டையில் விளக்கே இல்லாமல் வாசலை இருட்டாக்கிவிட்டேன்.

வேலை முடிந்து வந்த அப்பா முழங்காலைத் தேய்த்துக்கொண்டே அதை வெகுநேரம் பார்த்தார்.

"லைட்டே இல்லாம இந்தப் பொண்ணு எப்படிம்மா கதவத் திறப்பா?"

"நான் தினமும் திறக்கற மாதிரிதான். தடவித் தடவி."

எங்கள் வாசல் விளக்கு போன மழைக்காலத்திலேயே போய்விட்டது.

"ஞாயித்துக்கிழமை மாட்டிடறேன்" என்றார். அவருக்கு ஞாயிற்றுக்கிழமையும் வேலை.